ஸஹஸ்ரநாமம் சொல்லிட்டே அடுத்தவங்கள எடை போடறேன், இத எப்படி மாத்தறது?

டோம்பிவிலிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நான் மும்பை பக்கம் டோம்பிவிலி ஈஸ்ட்ல 14 வருஷமா இருக்கேன், வேலை தாதர்ல. எங்க சொசைட்டில தமிழ்க்காரங்க ஒரு பன்னெண்டு பேர் சேர்ந்து சனிக்கிழமை சாயங்காலம் விஷ்ணு ஸஹஸ்ரநாமம் பாராயணம் பண்றோம், வாரம் ஒரு வீடு, அரை மணி நேரம்தான், முடிஞ்சதும் யார் வீடோ அவங்க சுண்டல் பண்ணி தொன்னைல வெச்சு குடுப்பாங்க.

பிரச்சினை என்னன்னா வாய் நாமம் சொல்லும், மனசு வேற வேலை பாக்கும். இவங்க ஏன் லேட்டா வந்தாங்க, அவங்க ஏன் இவ்ளோ வேகமா ஓட்டறாங்க, ட்ரெயின பிடிக்கப் போறாங்களா, இந்தப் பொண்ணு நடுவுல போன எடுத்து பாக்குது, அந்த வீட்டு ஸ்லாப்ல எவ்ளோ தூசி. ஆயிரம் நாமம் முடியறதுக்குள்ள நான் ஆயிரத்தெட்டு குத்தம் கண்டுபிடிச்சிடறேன். லோக்கல் ட்ரெயின்லயும் இதேதான். மூணு பேர் சீட்ல நாலாவது ஆளுக்கு நகர்ந்து இடம் குடுக்கறது நம்ம ஊர் வழக்கம், யாராவது காதுல இயர்போன மாட்டிட்டு கண்ண மூடிக்கிட்டா அவ்ளோதான், தாணா வர்ற வரைக்கும் மனசுக்குள்ள அவ வளர்ப்பு சரியில்லன்னு தீர்ப்பு எழுதிட்டே நிப்பேன்.

இதெல்லாம் எனக்குள்ளயே இருந்த வரைக்கும் பெருசா தெரியல. போன மாசம் நடந்ததுதான் உறுத்துது. எங்க பி விங்ல ஒரு ஆண்ட்டி, அறுபது வயசு இருக்கும், தனியா இருக்காங்க. பாராயணம் முடிஞ்சு கிளம்பும்போது நாலு தொன்னை எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து துணிப்பைக்குள்ள வெச்சாங்க. நான் எண்ணினேன். எண்ணினேங்கறதுதான் முக்கியம். அப்புறம் லிப்ட்ல இறங்கும்போது பக்கத்து பிளாட் மாமிகிட்ட "ஓசின்னா ஒரு வார டிபனே முடிஞ்சுரும் போல"ன்னு சொல்லிட்டேன், ரெண்டு பேரும் சிரிச்சோம். லிப்ட் கீழ நின்னப்ப கிரில் கேட்டுக்கு அந்தப்பக்கம் அந்த ஆண்ட்டி நின்னுட்டிருந்தாங்க, படில இறங்கியிருக்காங்க. காதுல விழுந்துதா இல்லையான்னு சத்தியமா தெரியாது. ஆனா அடுத்த வாரம் தொன்னைய நீட்டினப்ப "வேண்டாம்மா, எனக்கு சுகர்"ன்னாங்க. சுண்டலுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம், சக்கரைப் பொங்கலா அது.

அன்னிலேருந்து எனக்கு பாராயணத்துல உக்காரவே கூசுது. அடுத்தவங்கள பாத்து குத்தம் சொல்ற இந்த பழக்கத்தையே ஏதாவது ஒரு சாதனையா மாத்திக்க முடியுமா, நீங்க யாராவது நிஜமா செஞ்சு பாத்திருக்கீங்களா? "பாசிட்டிவா நினைங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், அது எனக்கும் தெரியும்.

---

மாட்டுங்கா தாத்தா:

அம்மா டோம்பிவிலிக்காரி, மொதல்ல எண்ணினேன்னு ஒத்துண்டியே, அதுக்கே பாதி மார்க். எனக்கு 74 வயசு, மாட்டுங்கால 50 வருஷம் ஓடிப்போச்சு, நான் எண்ணாத தொன்னை கிடையாது.

கொங்கணவர்னு ஒரு சித்தர், அவர் கதை தெரியுமோல்லியோ? மரத்தடில தவத்துல உக்காந்திருந்தார், மேல இருந்த கொக்கு எச்சம் போட்டுடுத்து, நிமிர்ந்து ஒரு பார்வை பாத்தார், கொக்கு சாம்பல். அப்புறம் வள்ளுவர் ஆத்துக்கு பிக்ஷைக்கு வரார், வாசுகி புருஷனுக்கு பரிமாறிண்டிருந்ததால கொஞ்சம் லேட், இவர் அதே பார்வைய அவ மேல வீசறார். அவ சிரிச்சுண்டே "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா"ன்னுட்டா. எல்லாரும் இத பதிவிரதை மகிமைன்னு சொல்லி முடிச்சுடுவா. எனக்கு அதுல வேற ஒண்ணு படறது. அத்தன வருஷ தவம் அந்த மனுஷனோட கோபத்த குறைக்கல, கோபத்துக்கு சூடு ஏத்தி குடுத்துருக்கு, அவ்வளவுதான். தவம் பண்ணாதவன் முறைச்சா கொக்கு பறந்து போயிருக்கும். நம்ம பாராயணமும் அப்படி ஆயிடலாம்மா. நான் வாரா வாரம் ஒழுங்கா வரேன், நான் ஸ்பஷ்டமா சொல்றேன்ங்கற நெனப்பு ஏற ஏற, லேட்டா வர்றவா எல்லாரும் கொக்காட்டம் தெரிவா.

இன்னொண்ணு. நீயே வாரா வாரம் சொல்ற வரிதான், "ப்ராஜிஷ்ணுர் போஜனம் போக்தா ஸஹிஷ்ணுர் ஜகதாதிஜ:". போஜனமும் அவன், சாப்பிடறவனும் அவன், பொறுத்துக்கறவனும் அவன். சுண்டல், சுண்டல எடுத்த ஆண்ட்டி, எண்ணாம இருந்திருக்க வேண்டிய நீ, மூணும் ஒரே வரில வரிசையா உக்காந்திருக்கு பாரு. அம்புப் படுக்கைல கிடந்துண்டு பீஷ்மர் சொன்னது, அவருக்கு யார் மேல குத்தம் சொல்லணும்னாலும் பாண்டவா கௌரவா ரெண்டு பக்கமும் லிஸ்ட் இருந்திருக்கும், மனுஷன் நாமம் சொல்லிண்டிருந்தார்.

நான் செஞ்சு பாத்தது என்னன்னு கேட்டே. ரிடையர் ஆனப்புறம் ஒரு நோட்டு போட்டேன். "ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின்" குறள் இருக்கே, புறங்கூறாமை அதிகாரத்துல கடைசி, அத அப்படியே செயல்ல பண்றது. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு நான் அடுத்தவா மேல கண்ட ஒரு குத்தத்த எழுதுவேன், ஒண்ணே ஒண்ணு, கீழ அதே வாக்கியத்த "நான்"னு ஆரம்பிச்சு எழுதுவேன். மொத நாளே "வாட்ச்மேன் டியூட்டில தூங்கறான்"னு எழுதினேன். கீழ "நான் டியூட்டில தூங்கறேன்"னு எழுதிட்டு பேனாவ வெச்சுண்டு முழிச்சேன். எனக்கு ஏது டியூட்டி, ரிடையர் ஆயாச்சே. அப்புறம் உள்ளேர்ந்து ஆத்துக்காரி பாத்திரம் தேய்க்கற சத்தம் கேட்டது. அவன் 12 மணி நேரம் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துண்டு தூங்கறான், நான் ரெண்டு மணிலேர்ந்து நாலு வரைக்கும் பேன் போட்டுண்டு தூங்கறேன், எழுந்ததும் காபி கேக்கறேன். அந்த நோட்டு நாலு மாசம்தான் ஓடித்து, அதுக்கு மேல எழுத தைரியம் வரல.

---

ஐரோலி கோடர்:

தாத்தா கொக்கு மேட்டர் செம. நான் சாமி கும்பிடற ஆள் இல்ல, ஆனா இகத்புரில பத்து நாள் விபாசனா தியான முகாம் போயிட்டு வந்தேன், பிரண்டு ஒருத்தன் இழுத்துட்டு போனான். காலைல 4 மணிக்கு மணி அடிப்பாங்க, பத்தாவது நாள் வரைக்கும் பேச்சு கிடையாது, போன் கிடையாது, சாயங்காலம் புதுசா வந்தவங்களுக்கு டீயும் கொஞ்சம் பழமும்தான். காசு ஒண்ணும் வாங்க மாட்டாங்க, கடைசில இஷ்டம்னா டொனேஷன்.

பேச்சு இல்லன்னா மனசு அமைதியாயிடும்னு நெனச்சுதான் போனேன். எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ஒரு ஆளு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ தொண்டைய செருமுவாரு. ரெண்டாவது நாளே அவருக்கு நான் மனசுக்குள்ள பேர் வெச்சாச்சு, மூணாவது நாள் அவருக்கு சொந்தமா ஒரு கம்பெனி இருக்கு, வேலை செய்யறவங்கள கத்துவாரு, வீட்ல பொண்டாட்டிய பேச விடமாட்டாருன்னு முழு வாழ்க்கை வரலாறே எழுதி முடிச்சிட்டேன். அவர் மூஞ்சிய கூட சரியா பாத்ததில்ல, முதுகு மட்டும்தான். ப்ளூ ஸ்வெட்டர், காலர்கிட்ட ஒரு நூல் தொங்கிட்டிருக்கும்.

நாலாவது நாள்லேருந்து உடம்புல என்ன நடக்குதுன்னு கவனிக்க சொல்லித் தருவாங்க, அதுலயும் ஒரு மணி நேரம் கை கால் அசைக்காம உக்காரணும், தினம் மூணு தடவ. அப்ப அவர் செருமினாரு. வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே என் தாடை இறுகினது தெரிஞ்சுது. மொதல்ல தாடை, அப்புறம் வயித்துல ஒரு சூடு, அதுக்கப்புறம்தான் "இந்தாளு..."ன்னு வாக்கியம் ஆரம்பிச்சுது. எனக்கு பெரிய ஷாக் அது. அதுவரைக்கும் நான் யோசிச்சு ஜட்ஜ் பண்றேன்னு நெனச்சுட்டிருந்தேன். உடம்பு ஏற்கனவே தீர்ப்ப குடுத்துடுது, நம்ம மூளை வெறும் ஸ்டெனோ.

அதனால அக்கா, எனக்கு தெரிஞ்சது இவ்ளோதான், ட்ரெயின்ல அடுத்த தடவ அந்த இயர்போன் பொண்ண பாக்கும்போது அவள மன்னிக்கறதுக்கெல்லாம் ட்ரை பண்ணாதீங்க, உங்க தாடைய பாருங்க, முல்லுண்டுக்கும் பாண்டுப்புக்கும் நடுவுல ஒரு தடவ பாத்தா போதும். பத்தாவது நாள் பேச விட்டப்ப அந்த ப்ளூ ஸ்வெட்டர் ஆளே வந்து என்கிட்ட பேசினாரு. நீங்க உக்காரும்போது முட்டி டக்கு டக்குனு சத்தம் போடுது, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னாரு. அவரும் பத்து நாளா என்ன கேட்டுட்டுதான் இருந்திருக்காரு.

---

தொண்ணூறடி ரோட்டான்:

எல்லாரும் நல்லாத்தான் சொல்லுதீக. நான் கொஞ்சம் இந்த பக்கத்துல இருந்து சொல்லுதேன், யாரும் கோவப்படாதீக. நான் தாராவி. எங்க பாட்டையா காலத்துல திருநெல்வேலியில இருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பம். காலேஜ் முடிச்சி வெளிய வேலைக்கு போன புதுசுல எங்க இருக்கன்னு கேப்பாக, தாராவின்னு சொன்ன உடனே மொகம் ஒரு நொடி, ஒரே நொடிதான், மாறும். அப்புறம் "ஓ, பரவால்லயே"ம்பாக. அந்த பரவால்லய கேட்டு கேட்டு பொறவு நான் சயான்னு சொல்ல ஆரம்பிச்சேன். பக்கத்துலதான, பொய்யில்ல. ஆனா ஒவ்வொரு தடவ சயான்னு சொல்லும்போதும் எங்கம்மா மொகம் ஞாபகம் வரும்.

அதனால எனக்கு என்ன தோணுதுன்னா, குத்தம் பாக்குறதுல ரெண்டு சாதி உண்டு. மேல பாத்து சொல்லுதது ஒண்ணு, கீழ பாத்து சொல்லுதது ஒண்ணு. மேனேஜர பத்தி லிப்ட்ல பேசினா அவருக்கு ஒரு மயிரும் கொறையாது. தனியா இருக்குத வயசான பொம்பள நாலு தொன்னை எடுத்தத பேசினா அது அவுக நெஞ்சுல போய் விழும். இத உங்க ஆன்மிக வளர்ச்சிக்கு வாய்ப்புன்னு எடுத்துக்கிடறது நல்லதுதான் யக்கா, ஆனா அவுக உங்களுக்கு பாடம் நடத்தவா சுண்டல் எடுத்தாக? முதல்ல அவுக வலி, பொறவுதான் நம்ம வளர்ச்சி.

தாத்தா கதை சொன்னாரு, நானும் ஒண்ணு சொல்லுதேன். காசியில சங்கரர் போகும்போது எதுக்க ஒரு சண்டாளர் வாராரு, தள்ளிப் போன்னு சொல்லுதாரு. அவரு திருப்பி கேக்காரு, எதை தள்ளிப் போவ சொல்லுதீரு, இந்த ஒடம்பயா, உள்ள இருக்கதயா, ஒடம்புன்னா ரெண்டும் சோத்துல ஆனதுதான, உள்ள இருக்கதுன்னா அது எங்க போவும்னு. சங்கரரு அந்த எடத்துலயே அவர குருன்னு சொல்லி அஞ்சு சுலோகம் பாடினாருன்னு சொல்லுவாக. எல்லாரும் வந்தது சிவன்தான்னு சொல்லி கதைய முடிச்சிருவாக. அது எனக்கு புடிக்காது. சிவனா இல்லாம நெசமாவே சண்டாளரா இருந்தா தள்ளிப் போவணுமா? அந்த கேள்வி அப்பவும் அதே கேள்விதான.

இதுல இருந்து ஒரு விசயம். நீங்க யாரும் அந்த ஆண்ட்டி பாவம் ஏழை, வீட்டுல ஒடம்பு சரியில்லாத ஆளு இருக்கு, அதான் எடுத்தாகன்னு கதை கட்டாதீக. ஒருத்தருக்கு சோகம் இருந்தாத்தான் விடுவேன்னா அதுவும் தீர்ப்புதான். ஆசைக்கு எடுத்திருக்கட்டுமே. சுண்டல்தான.

நானும் யோக்கியன் இல்ல. பொங்கலுக்கு எங்க ரோட்டுல வரிசையா அடுப்பு வச்சி பொம்பளைங்க பானை வைப்பாக, ஊரே பாக்க வரும். கேமராவ தூக்கிட்டு வாரவன் எல்லாவனையும் பாத்து எங்க வறுமைய படம் புடிக்க வந்துட்டான்னு பல்ல கடிப்பேன். போன தடவ அப்பிடி ஒரு பையன வெரட்டிட்டேன், பாத்தா நம்ம தெருவுலயே பொறந்து இப்ப நாலாசோபாரால இருக்குத பையன், அவன் ஆச்சிய படம் எடுக்க வந்திருக்கான். எங்கம்மா எப்பவும் மத்தேயு ஏழாம் அதிகாரத்த சொல்லும், அடுத்தவன் கண்ணுல துரும்பு, உன் கண்ணுல உத்திரம்னு. அன்னைக்கு ஒண்ணும் சொல்லல, என்ன பாத்து கண்ண மட்டும் கசக்கி காமிச்சிச்சி.

யக்கா, போய் மன்னிப்பு கேளுங்க. நோட்டு, தாடை எல்லாம் அதுக்கு பொறவு.

---

டோம்பிவிலிக்காரி:

தம்பி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் போன கவுத்து வெச்சிட்டேன். நீங்க சொன்னது கரெக்ட், ஏழை பாவம்ங்கற கதைய நான் ஏற்கனவே கட்டிட்டேன், அவங்க வீட்டுக்கு மளிகை வாங்கிக் குடுக்கலாமான்னு கூட யோசிச்சேன், கடவுளே. அவங்களுக்கு ரெண்டு பிளாட் இருக்கு, ஒண்ணு வாடகைக்கு விட்டிருக்காங்க.

மன்னிப்பு கேக்கத்தான் நானும் நெனக்கறேன். ஆனா அவங்க காதுல விழவே இல்லன்னா? நானே போய் "உங்கள இப்படி பேசினேன்"ன்னு சொன்னா இல்லாத வலிய கொண்டு போய் குடுத்த மாதிரி ஆகாதா?

---

குர்லா பாய்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். இந்த கேள்விக்குத்தான் வந்தேன், ஏன்னா எங்க வாப்பாவும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் இதையே பேசி நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன்.

குர்ஆன்ல 49வது சூரா 12வது வசனம். மொதல்ல அதிகமா சந்தேகப்படறத விடுங்கன்னு வருது. அடுத்து துருவித் துருவி பாக்காதீங்கன்னு. அதுக்கப்புறம்தான் புறம் பேசாதீங்க, செத்துப்போன சகோதரனோட இறைச்சிய திங்க உங்கள்ல யாருக்காவது பிடிக்குமான்னு கேக்குது. இந்த வரிசைய பாருங்க தங்கச்சி. நீங்க எழுதினதுல அதே வரிசை இருக்கு. மொதல்ல இவங்க நிறைய எடுப்பாங்க போலன்னு ஒரு நெனப்பு, அடுத்து எண்ணினீங்க, அடுத்து லிப்ட். நமக்கு லிப்ட்தான் தப்புன்னு படுது, ஆனா எண்ணாம இருந்திருந்தா லிப்ட்ல சொல்ல கையில சரக்கே இருந்திருக்காது. எங்க வாப்பா மசாலா கடை வெச்சிருந்தாரு, அவர் பாணில சொல்லுவாரு, நாக்க கட்டறது கஷ்டம்டா, கண்ண கட்டு, ரெண்டு படி முன்னாடியே கதவு இருக்குன்னு. நான் கடைல கஸ்டமர் பைக்குள்ள எட்டிப் பாத்தா பின்மண்டைல ஒண்ணு விழும்.

மன்னிப்பு விஷயத்துல பெரியவங்ககிட்ட ரெண்டு கருத்தும் இருக்கு. அவங்களுக்கு தெரிஞ்சிருந்தா நேர்ல போய் கேக்கணும், அதுல பேச்சே இல்ல. தெரியலன்னா போய் சொல்லி மனச புண்படுத்தாதே, அவங்களுக்காக துவா கேளு, எந்த இடத்துல தப்பா பேசினியோ அதே இடத்துல அதே ஆள்கிட்ட அவங்கள பத்தி இருக்கற நல்லத சொல்லுன்னு ஒரு வழி சொல்லுவாங்க. எனக்கு ரெண்டாவதுதான் கஷ்டம்னு படுது. மன்னிப்பு ரெண்டு நிமிஷம். அதே மாமிகிட்ட அதே லிப்ட்ல போய், அன்னிக்கு நான் பேசினது தப்புன்னு சொல்லிட்டு அந்த ஆண்ட்டிய பத்தி நல்லதா ஒண்ணு சொல்றதுக்கு, மொதல்ல அவங்கள பத்தி நல்லதா ஒண்ணு நமக்கு தெரியணும்ல?

---

செம்பூர் சாந்தி:

இது எல்லாம் படிச்சிட்டு நான் மனசுக்குள்ள ஒவ்வொருத்தர் எழுத்துப்பிழையும் திருத்திட்டிருக்கேன், டீச்சர் புத்தி, விடுங்க.

நான் காலேஜ்ல சைக்காலஜி எடுக்கறேன், ஆன்மிகத்துக்கு வெளியேருந்து ஒண்ணு சொல்லலாமா. 1967ல ஜோன்ஸ், ஹாரிஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க. கியூபாவோட காஸ்ட்ரோவ ஆதரிச்சும் எதிர்த்தும் எழுதின கட்டுரைகள மாணவர்களுக்கு குடுத்து எழுதினவர் நிஜமா என்ன நெனக்கறாருன்னு கேட்டாங்க. எழுதினவருக்கு சாய்ஸே கிடையாது, இந்தப் பக்கம்தான் எழுதணும்னு சொல்லி எழுத வெச்சதுன்னு தெளிவா சொன்னப்பறமும் படிச்சவங்க இவர் ஓரளவு ஆதரவாளர்தான்னு சாஞ்சாங்க. சூழ்நிலை கண்ணெதிர்ல இருந்தும் ஆளோட குணத்துலதான் போய் நிக்கறோம். 1977ல லீ ராஸ் இதுக்கு அடிப்படையான பிழைன்னே பேர் வெச்சாரு. நம்ம பாஷைல சொன்னா, அவ லேட்டா வந்தா பொறுப்பில்லாதவ, நான் லேட்டா வந்தா மெகா பிளாக், தண்டவாள வேலைக்கு ட்ரெயின நிறுத்திட்டாங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை. நல்லா வளந்த பொண்ணுங்களுக்கு இந்த உள்நோக்கி பாக்கறது சீக்கிரமே தன்னையே அடிச்சுக்கறதா மாறிடும். எங்க ஸ்டாப் ரூம்ல ஒருத்தங்க இருக்காங்க, அவங்க வீட்டுக்காரர் பண்ற அநியாயத்துக்கெல்லாம் என் கர்மா, என் பாடம்னு நோட்டு போடாத குறை. தாத்தாவோட "நான்" வாக்கியத்த அந்த மாதிரி இடத்துல போடக்கூடாது. அவன் அடிக்கறான்னா அவன் அடிக்கறான். அதுக்கு கீழ "நான் அடிக்கறேன்"னு எழுத ஒண்ணும் இல்ல. எது தப்புன்னு தெரிஞ்சுக்கற கண்ண குத்திக்க வேண்டாம், தொன்னை எண்ற கண்ண மட்டும் கொஞ்சம் தாழ்த்தினா போதும். ரெண்டும் ஒரே கண்ணாச்சேன்னு கேட்டா, ஆமா, அதான் கஷ்டமே.

டோம்பிவிலி, உங்ககிட்ட ஒரே கேள்வி. பன்னெண்டு பேர் இருந்த ரூம்ல நாலு தொன்னை மத்த பத்து பேர் கண்ணுல படல, இல்ல பட்டும் ஒட்டல. உங்களுக்கு மட்டும் ஏன்?

---

மாட்டுங்கா தாத்தா:

சாந்தி சொல்றது ரொம்ப சரி. அந்த நோட்டு வாட்ச்மேன் மாதிரி சின்ன விஷயத்துக்குத்தான். சேர்த்து சொல்லியிருக்கணும், விட்டுட்டேன்.

---

டோம்பிவிலிக்காரி:

சாந்தி மேடம், உங்க கேள்விய ரெண்டு நாளா சுமந்துட்டிருந்தேன். நேத்து நைட் அப்பளம் பொரிக்கும்போது கிடைச்சுது.

நாங்க வீட்ல அஞ்சு பேர் பசங்க, செம்பூர்ல ஒரே ரூம் கிச்சன், அப்பா ஒருத்தர் சம்பளம். அப்பளம் ஆளுக்கு ஒண்ணு, அம்மா பொரிக்கும்போதே எண்ணிடுவா. யார் வீட்டுக்கு போனாலும் எத குடுத்தாலும் மொத தடவ வாங்கிக்கலாம், ரெண்டாவது வேணுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லணும், இதான் சட்டம். அம்மா வாயால சொல்ல மாட்டா, எதுக்க உக்காந்துட்டு கண்ண மட்டும் லேசா விரிப்பா, கை தானா மடிக்கு போயிடும். நவராத்திரிக்கு பத்து வீடு போவோம், பத்து வீட்லயும் சுண்டல் மணக்கும், பத்து வீட்லயும் "போதும் மாமி". எனக்கு இப்ப 43 வயசு, கை நிறைய சம்பாதிக்கறேன், இன்னிக்கு வரைக்கும் ஒரு கல்யாணத்துல கூட ரெண்டாவது தடவ பாயசம் கேட்டு வாங்கினதில்ல. எனக்கு பாயசம்னா உயிர்.

ஒரு பொம்பள யாரையும் பாக்காம, யாரும் கண்ண விரிக்காம, நிதானமா நாலு எடுத்து பைல வெச்சிட்டு போறாங்க. எனக்கு அன்னிக்கு வந்தது கோவம்னுதான் நெனச்சேன். கோவம் இல்லங்க அது. பொறாமை. ஐரோலி தம்பி சொன்ன மாதிரி எங்க இறுகுதுன்னு பாத்தேன், தாடை இல்ல எனக்கு, கை. உள்ளங்கை மூடிக்குது.

அப்புறம் ட்ரெயின்ல அந்த இயர்போன் பொண்ணும் அதேதான்னு நெனக்கறேன். நான் எவ்ளோ அசதியா இருந்தாலும் நகர்ந்து இடம் குடுத்துடுவேன், பாதி தொடைல உக்காந்துட்டு வருவேன். நகராம கண்ண மூடிக்கற தைரியம் எனக்கு இல்ல.

பாய் சொன்னத ட்ரை பண்ணினேன். மாமிகிட்ட லிப்ட்ல, மாமி அன்னிக்கு நம்ம பேசினது நல்லால்லன்னு சொன்னேன். மாமி "எத?"ன்னாங்க. அவங்களுக்கு ஞாபகமே இல்ல. நான் ஒரு மாசமா வெந்துட்டிருக்கேன்.

---

தொண்ணூறடி ரோட்டான்:

யக்கா அப்பளம் மேட்டர் எங்க வீட்டு கதை அப்பிடியே. எங்களுக்கு மீன் துண்டு.

ஆண்ட்டிகிட்ட கேட்டீகளா இல்லியா? அத சொல்லாம விட்டுட்டீக.

---

டோம்பிவிலிக்காரி:

தம்பி விட மாட்டீங்க போல. மூணு வாரம் கழிச்சு வர்றேன், சொல்றேன்.

மன்னிப்பு இன்னும் கேக்கல. ரெண்டு தடவ பி விங் வரைக்கும் போயிட்டு பெல் அடிக்காம வந்துட்டேன், உண்மைய சொல்லிடறேன். ஆனா பாராயணத்துல அவங்க பக்கத்துல போய் உக்கார ஆரம்பிச்சேன். அவங்க கண்ணாடி பவர் பத்தல போல, புஸ்தகத்த ரொம்ப தள்ளி பிடிச்சுக்கறாங்க, நான் என்னோட பெரிய எழுத்து புஸ்தகத்த நடுவுல வெச்சேன். போஜனம் போக்தா வரும்போதெல்லாம் தாத்தா உங்களாலதான் சிரிப்பு வருது, அடக்கிக்கறேன். குத்தம் கண்டுபிடிக்கறது நிக்கல. போன வாரம் ஒரு முன்னூறு இருக்கும். கை மூடறது மட்டும் முன்னாடியே தெரியுது, சில சமயம் திறந்துக்கறேன், சில சமயம் மறந்துடறேன்.

நேத்து ஏ விங்ல ஒரு வீட்ல பாராயணம். ஆண்ட்டி வரல. கிளம்பும்போது தொன்னை தட்டு முன்னாடி நின்னேன், ஒண்ணு எடுத்தேன், அம்மா செத்து ஒம்போது வருஷம் ஆச்சு, அவ கண்ணு விரியறது எனக்கு தெரிஞ்சுது, இருந்தாலும் ரெண்டாவதும் எடுத்தேன். யாரும் ஒண்ணும் சொல்லல. யாரும் பாக்கவே இல்ல. லிப்ட்ல ஏறி கதவு மூடினதும் ஒண்ண அங்கயே சாப்ட ஆரம்பிச்சிட்டேன், திருட்டுத்தனமா, வாய் நிறைய. கீழ கிரில் கேட் திறந்தா எதுக்க ஆண்ட்டி நிக்கறாங்க, மருந்துக்கடை பையோட.

என் கைல ரெண்டு தொன்னை. அவங்க தொன்னைய பாத்தாங்க, என்ன பாத்தாங்க. எனக்கு வாய்ல சுண்டல், பேச முடியல. ரெண்டாவத நீட்டினேன். சுகர்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். வாங்கிக்கிட்டாங்க, அங்கயே நின்னு ரெண்டு விரலால எடுத்து வாய்ல போட்டுட்டு, உப்பு கம்மின்னாங்க.

கம்மிதான்.

---

மாட்டுங்கா தாத்தா:

எல்லாம் சரி, என்ன சுண்டல்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?

---

டோம்பிவிலிக்காரி:

பச்சப்பயறு தாத்தா. தேங்காய் தாராளமா போட்டிருந்தாங்க.